வீடா, விடுதியா? மும்பைக்கு விடுதியே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டைப் பற்றிய பேச்சை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்கிற புத்திசாலிப் பெருமக்களே, வணக்கம்.

மும்பைக்குப் போகிறவர் தங்கவும் சாப்பிடவும் ஏற்றது உறவினர் வீடா, ஊரின் விடுதியும் கடையுமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா வீட்டுக்காக உருகினார். செலவில்லை, வயிறு கெடாது, பாதுகாப்பு, காசு கொடுத்துச் சாப்பிடுவது அன்பில்லாத சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலே விருந்தோம்பல் தமிழன் ரத்தத்தில் ஓடுகிறது என்றார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அவர் சொன்ன லாபம் அத்தனையும் விருந்தாளிக்கு. வீட்டுக்காரர் கதி என்ன என்று ஒரு வார்த்தை வரவில்லை. விருந்தோம்பு என்பது வீட்டுக்காரருக்குச் சொன்னது. விருந்தாளிக்கு நம் பாட்டிமார் சொல்லிவைத்தது வேறு: விருந்தும் மருந்தும் மூன்று நாள். மும்பைப் பாட்டியாக இருந்திருந்தால் அதிலும் இரண்டைக் குறைத்திருப்பார்.

நான் போய்த் தங்கியவன், ஐயா. மும்பைப் புறநகர் டோம்பிவிலியில் பெரியம்மா மகன் இருக்கிறார், எனக்கு அண்ணன். தெற்கு மும்பையில் ஃபோர்ட் பகுதியில் எனக்கு ஐந்து நாள் வேலை. "லாட்ஜில் தங்கினால் அப்புறம் உன்னோடு பேசவே மாட்டேன்" என்றார். போனேன். ஒரு ஹால், ஒரு சமையலறை. அங்கே அதை ஒன் ரூம் கிச்சன் என்பார்கள். ஏற்கெனவே நாலு பேர். இருந்த ஒரே கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு, அண்ணன் தலையைச் சமையலறையிலும் காலை ஹாலிலும் வைத்துப் படுத்தார். தண்ணீர் காலை 5.30-க்கு வரும். அதற்கு முன்னால் சமையலை முடிக்க அண்ணி 4.30-க்கு எழுந்தார். விளக்கைப் போட்டால் என் தூக்கம் கெடுமாம். செல்போன் வெளிச்சத்தில் வெங்காயம் நறுக்கினார். அதை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டே தூங்குகிற மாதிரி நடித்தவன் நான். பத்தாவது படிக்கிற பையன் மாடிப்படியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தான். ஐந்து நாளில் ஒரு வேளைகூட அண்ணி என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவர் உட்கார அங்கே இடம் இல்லை. இடத்தை நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

செலவில்லை என்றார்களே, கணக்குப் பார்ப்போம். டோம்பிவிலியிலிருந்து ஃபோர்ட்டை ஒட்டிய சி.எஸ்.எம்.டி., அதாவது சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் ஸ்டேஷன், ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஃபாஸ்ட் லோக்கலிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல். காலை எட்டு மணி வண்டியில் நாம் ஏறுவதில்லை, ஏற்றப்படுவோம். இறங்குவதும் அப்படித்தான், தாணே ஸ்டேஷனில் இறங்க நினைத்தவர் அதற்கு அடுத்த முலுண்டில் இறங்குவார். போக வர நாளுக்கு மூன்று மணி நேரம் அதில் போனது. போன வேலை பாதியில் நின்று, ஐந்து நாள் ஆறு நாளானது. மிச்சப்படுத்திய அறை வாடகை எங்கே?

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி டப்பாவாலாவைக் கொண்டுவந்தார். 1890-லிருந்து வீட்டுச் சாப்பாட்டை அலுவலகத்துக்குச் சுமக்கிறார்களே, மும்பைக்காரரே வீட்டுச் சாப்பாட்டைத்தானே நம்புகிறார் என்று கேட்டார். தம்பி, அந்த டப்பாவை என் கட்சிக்கே தந்துவிட்டீர்கள். வீட்டிலிருந்து வேலைக்கு இருக்கிற தூரத்தைச் சோறு கடக்கவே தனியாக ஆள் வேண்டியிருக்கிறது, சைக்கிள் வேண்டியிருக்கிறது, ரயில் வேண்டியிருக்கிறது. அந்த வீட்டிலா என்னைத் தங்கச் சொல்கிறீர்கள்?

சரி, இனி என் கட்சி. மும்பை, தனியாக வந்தவனுக்குச் சோறு போட்டே வளர்ந்த ஊர். 1850-களில் பஞ்சாலைகள் வந்தன. கொங்கணக் கரையிலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்தும் ஆண்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தார்கள். பரேல், லால்பாக் பக்கத்து அறைகளில் பத்துப் பதினைந்து பேர். பகல் ஷிஃப்ட்காரர் எழுந்த பாயில் இரவு ஷிஃப்ட்காரர் படுப்பார். சமைக்க நேரம் ஏது? அக்கம்பக்கத்துப் பெண்கள் மாதப் பணம் வாங்கிக்கொண்டு பொங்கிப் போட்டார்கள். அதன் பெயர் கானாவள். வட்டிக்காரனிடம் மாட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்களுக்கு வங்கிக் கடன் வாங்கித் தரத்தான் சமூக சேவகி பிரேமா புரவ் 1975-ல் அன்னபூர்ணா மகளிர் மண்டலத்தைத் தொடங்கினார். காசு கொடுத்துச் சாப்பிடுவது அன்பில்லாத சாப்பாடு என்றீர்கள் அல்லவா? அந்தப் பெண்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

கோவாக்காரர் கதை இன்னும் சுவை. கப்பல் வேலைக்கு வந்தவர்களுக்காக ஊருக்கு ஒன்றாக விடுதி வைத்தார்கள். அதைக் கொங்கணியில் குட் என்பார்கள். தோபி தலாவ் ஜெர் மஹால் கட்டடத்தில் இன்றும் இருக்கிறது. நம் நகரத்தார் காசியில் சத்திரம் வைத்த மாதிரிதான். கால்பாதேவிக்குக் குஜராத் வியாபாரிகள் வந்தார்கள், போஜனாலயங்கள் என்கிற சாப்பாட்டுக் கடைகள் வந்தன. மாட்டுங்காவுக்கு நம்மவர்கள் குமாஸ்தா வேலைக்கு வந்தார்கள், பின்னாலேயே உடுப்பிக்காரரும் வந்தார். மூலைக்கு மூலை, ஈரானிலிருந்து வந்தவர்கள் வைத்த இரானி டீக்கடை. இந்துக் கடைக்காரர்கள் மூலைக்கடை ஆகாது என்று ஒதுக்கியதை இரானியர் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். நமக்கு ஆகாத மூலையில் அவர்கள் நூறு வருடம் டீ விற்றார்கள்!

ஆக, மும்பையில் கடையில் சாப்பிடுகிறவன் அநாதை இல்லை. அந்த ஊரின் கூடமே அதுதான்.

வயிறு கெடும் என்கிறார்கள். காலையில் தோபி தலாவில் கியானி என்கிற இரானிக் கடைக்குப் போங்கள். 1904-ல் தொடங்கிய கடை. ப்ருன் மஸ்கா கேளுங்கள். மேல்தோல் கல் மாதிரி இருக்கும் ரொட்டி, உள்ளே வெண்ணெய். அதை டீயில் முக்காமல் கடித்தால் பல்லுக்கு நான் பொறுப்பில்லை. டீ கெட்டியாக வேண்டும் என்றால் 'பானி கம்', தண்ணீர் குறைவு, என்று சொல்ல வேண்டும். மதியம் கால்பாதேவி தாக்கர் போஜனாலயம், 1945-லிருந்து நடக்கிறது. பரிமாறுகிறவர் விடமாட்டார், போதும் என்று கையை மறைத்தால் விரலிடுக்கில் நெய் ஊற்றுவார். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் கூட இந்த வற்புறுத்தல் குறைந்துவிட்டது, நடுவர் அவர்களே. அசைவக்காரர்கள் பல்லார்ட் எஸ்டேட்டில் பிரிட்டானியா என்கிற கடைக்குப் போய், புளிப்புப் பழம் தூவிய பெர்ரி புலாவ் சாப்பிடலாம். நான் போன காலத்தில் மதியம் மட்டும்தான் திறந்திருந்தது. ராத்திரி போய்ப் பூட்டைப் பார்த்து நின்றவர்களில் நானும் ஒருவன். தாதரில் பிரகாஷ் கடைக்குப் போனால் சாபுதானா வடை, அதாவது ஜவ்வரிசி வடை, மேலே ஒரு பியூஷ். ஸ்ரீகண்ட் என்கிற இனிப்புக் கெட்டித் தயிரும் மோரும் கலந்த அந்தப் பானம் ஒரு டம்ளர் உள்ளே போனால் மதியம் மீட்டிங் கிடையாது, தூக்கம்தான்.

பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடை வைத்த வடாபாவ் பற்றி ஒரு வார்த்தை. 1960-களில் தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் ஆரம்பித்தது என்பார்கள். மில் தொழிலாளி நின்றுகொண்டே, நடந்துகொண்டே சாப்பிடப் பிறந்த பண்டம். தட்டு வேண்டாம், நாற்காலி வேண்டாம், 20 ரூபாய் அளவில் வேலை முடிந்தது. எண்ணெய் பயம் இருந்தால் கூட்டம் நிற்கிற வண்டியில் வாங்குங்கள். சட்டி காலியாகிக் காலியாகிப் புதிதாகப் போடுவார்கள். அவ்வளவுதான் ரகசியம். அதெல்லாம் ஆகாது, எனக்கு இட்லிதான் என்கிறவர்களும் கவலைப்பட வேண்டாம். விடியற்காலையில் தாராவியிலிருந்து நம் திருநெல்வேலிக்காரர்கள் இட்லிப் பாத்திரத்தோடு ஊர் முழுக்கப் புறப்படுகிறார்கள். இட்லிக்காக உறவினரை எழுப்ப வேண்டியதில்லை.

தங்குவதற்கு வருகிறேன். ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்: நானும் ஒருமுறை ஏமாந்தேன். செயலியில் படம் பார்த்து அறை போட்டேன். படத்தில் ஜன்னல் இருந்தது. போய்த் திரையை விலக்கினால் சுவர்! எதிரணி நண்பர் சிரிக்கிறார், சிரிக்கட்டும். அதற்குப் பிறகு அறையைக் காட்டு, பிறகு ஆதார் தருகிறேன் என்கிற பழக்கம் வந்துவிட்டது. இன்னொன்று, விலாசத்தைப் படியுங்கள். மும்பை என்று போட்டிருக்கும், இறங்கிப் பார்த்தால் நவி மும்பையாக இருக்கும். நடுவில் தாணே கிரீக் என்கிற உப்பங்கழி ஓடும்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தேரியில் அறை போட்டுவிட்டு கொலாபாவில் வேலை பார்க்கப் போவார்கள் சிலர். வேண்டாம். வேலை எந்த லைனிலோ, அறை அந்த லைனில். சர்ச்கேட் பக்கம் போவது வெஸ்டர்ன், சி.எஸ்.எம்.டி. பக்கம் போவது சென்ட்ரல். எங்கே வேலை என்றே தெரியாவிட்டால் தாதர்; இரண்டு லைனும் அங்கே சந்திக்கின்றன. பாந்திரா, சயனுக்குத் தெற்கே ஆட்டோ கிடையாது, கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். கையில் காசு குறைவா? தாஜ் ஓட்டலுக்குப் பின் தெருவிலேயே சால்வேஷன் ஆர்மியின் ரெட் ஷீல்டு ஹவுஸ் இருக்கிறது. தாஜில் தங்குகிறவருக்கும் அங்கே பொதுக்கூடக் கட்டிலில் தங்குகிறவருக்கும் அடிப்பது ஒரே கடல்காற்று. பெண்கள் பாதுகாப்பைக் கேட்டார் அந்த அம்மா. கேட்க வேண்டிய கேள்வி. ஃபோர்ட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் அமைப்பான ஒய்.டபிள்யூ.சி.ஏ. நடத்துகிற விடுதி இருக்கிறது. ஒரு ராத்திரி தலை சாய்க்க மட்டும் என்றால் மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனிலேயே 2021-ல் பாட் ஓட்டல் திறந்தார்கள். பெட்டி மாதிரி அறை. டோம்பிவிலி அண்ணன் படுத்த இடத்தைவிட அது பெரிது, நான் உறுதி சொல்கிறேன்.

அப்படியானால் உறவே வேண்டாமா என்று குரல் கொடுக்கிறார்கள். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரே நிமிடம் ஐயா.

போன வருடம் மறுபடி போனேன். தாதரில் லாட்ஜ். அண்ணன் சொன்னபடியே பேசவில்லை, இரண்டு நாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நானே போன் செய்து எல்லோரையும் மாட்டுங்காவுக்கு வரச் சொன்னேன். ஸ்லோ லோக்கலில் நேரே வந்து இறங்கினார்கள். ஸ்டேஷன் வாசலிலேயே மாடியில் ராமா நாயக் கடை, 1942-லிருந்து இருப்பது. வரிசையில் நின்றோம், இடம் கிடைத்தது. அண்ணி ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். "இதில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கல், இல்லையா தம்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.