பால்வாடியா, பள்ளிக்கூட எல்.கே.ஜி.யா?

மேலப்பாளையத்தில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "மகளுக்கு மூன்று வயது முடிகிறது. எங்கள் தெருவிலேயே அங்கன்வாடி இருக்கிறது. மெயின் ரோட்டைத் தாண்டினால் அரசுப் பள்ளியில் எல்.கே.ஜி. நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். எதில் சேர்க்க?"

சரி. முதலில், எல்.கே.ஜி. என்ற பேரைக் கேட்டு மயங்க வேண்டாம். 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில்தான் அரசு இதை ஆரம்பித்தது. 2022இல் இதை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அப்புறம் தொடரும் என்று சொல்லித் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். அதனால் அங்கே போனதும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வகுப்புக்கென்று தனியாக டீச்சர் இருக்கிறாரா, இல்லை ஒன்றாம் வகுப்பு டீச்சரே இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாரா?

பால்வாடியில் டீச்சர், ஆயா என்று இரண்டு பேர். மதியச் சாப்பாடு உண்டு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, மாதாமாதம் எடை பார்ப்பார்கள். ஆனால் டீச்சருக்கு வேலை அதோடு முடியாது. கர்ப்பிணிகள் கணக்கு, சத்துமாவு கணக்கு, போதாததற்கு போனில் போஷன் டிராக்கர் என்கிற அரசு ஆப்பில் பதிவு வேறு. பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்ல நேரம் மிஞ்சுகிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

அதை வெளியில் இருந்து சொல்ல முடியாது. காலை பத்தரை மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடினால் நல்லது. எல்லாரும் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தால் யோசியுங்கள். ஒரு பிள்ளை அழுதால் யார் எழுந்து போகிறார்கள் என்று பாருங்கள்.

அப்படியே கழிப்பறைப் பக்கமும் போய் வாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகளை முதலில் சேர்த்த இடத்தில் சுவர் முழுக்க யானையும் மயிலும் வரைந்து அழகாக இருந்தது. கழிப்பறையில் மட்டும் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டு தொங்கியது. பிள்ளை மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கொண்டே இருந்துவிட்டு, வாசல்படியில் நின்று அழுவாள். பத்து நாள் கழித்துத்தான் எனக்கே காரணம் புரிந்தது.

உங்கள் விஷயத்தில் ரோடும் ஒரு கணக்கு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஆளுக்கு, தினமும் இரண்டு தடவை போய்த் திரும்புவது சும்மா இல்லை. தெரு அங்கன்வாடியில் டீச்சர் நல்லவர், தண்ணீரும் கழிப்பறையும் சரி என்றால் இந்த வருஷம் அங்கேயே விடுங்கள், யு.கே.ஜி.க்குப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். தெருவில் இருப்பது பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது என்றால் மட்டும் ரோட்டைத் தாண்டுங்கள். சேர்க்கப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், தடுப்பூசி அட்டை மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி.