ஆறின கஞ்சி பழங்கஞ்சி

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பொறுமைசாலிகளே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு பேஸ்பால் பட்டிமன்றம் கேட்க வந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

அமெரிக்க பேஸ்பாலில் இளைஞர்கள் பழகும் கீழ்மட்டமான மைனர் லீக்கில் அடித்து நொறுக்கும் ஒரு இளம் பேட்டரை, உச்ச மட்டமான மேஜர் லீக்குக்கு எப்போது அழைப்பது? இதுதான் தலைப்பு. நன்றாகப் பழுக்க விட்டு அழையுங்கள் என்கிறது எதிரணி. கீழே அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டானா, உடனே அழையுங்கள் என்கிறோம் நாங்கள். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா" என்று ஒரு பழமொழியை எடுத்துவிட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். அண்ணே, எனக்கும் ஒன்று தெரியும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

அவர் கொண்டுவந்த பெரிய சாட்சி ஜாக்சன் ஹாலிடே. அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2022இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அப்பா மேட் ஹாலிடே, சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஏழு முறை தேர்வானவர். 2024 ஏப்ரல் 10 அன்று, 20 வயதில், பால்டிமோர் ஓரியோல்ஸ் அவரை மேலே அழைத்தது. பத்து ஆட்டம், 34 அட்-பேட் (மட்டை பிடித்த கணக்கு), இரண்டே ஹிட் (அடித்து பேஸுக்குப் போனது), 18 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி வெளியேறியது). மாதம் முடிவதற்குள், அணியின் மைனர் லீக் ஊரான நார்ஃபோக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "பிஞ்சில் பறித்தால் இதுதான் கதி" என்று அண்ணன் மேசையைத் தட்டிய தட்டில் நடுவரின் தண்ணீர் டம்ளர் ஆடியது. சரி, ஒப்புக்கொள்கிறேன், கண்கொண்டு பார்க்க முடியாத ஆட்டம்தான் அது. ஆனால் கதையை ஏன் ஏப்ரலோடு நிறுத்தினீர்கள்? ஜூலை 31 அன்று மறுபடி அழைத்தார்கள். வந்த அன்றைக்கே, மூன்று பேஸிலும் ஆள் நிற்க, பந்தை வேலிக்கு வெளியே தூக்கிப் போட்டார். மேஜர் லீக்கில் அவர் அடித்த முதல் ஹோம் ரன்னே கிராண்ட் ஸ்லாம். அந்த சீசன் முடிவில் அவர் சராசரி சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. அடுத்த ஆண்டு அணியில் அன்றாடம் ஆடியது யார் என்பதையும் சேர்த்து முணுமுணுங்கள்.

நார்ஃபோக்கில் மூன்று மாதம் இருந்ததால்தானே தேறினார் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் எதைத் திருத்த வேண்டும் என்ற பட்டியல் அவர் கைக்கு எங்கே கிடைத்தது? மேலே கிடைத்தது.

இந்த இடத்தில், நார்ஃபோக் ஆடும் டிரிபிள்-ஏ என்றால் என்னவென்று கொஞ்சம் பார்க்க வேண்டும். மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கும் லீக். அங்கே பந்து எறியும் நல்ல பிட்சர்கள் இல்லையா? உண்டு. ஆனால் நல்ல ஸ்லைடர் (வேகமாக வந்து கடைசியில் பக்கவாட்டில் விலகும் பந்து) கைவசம் உள்ளவர் எத்தனை நாள் அங்கே தங்குவார்? பேட்டர்கள் தொடர்ந்து ஏமாறும் பந்து ஒன்று அவரிடம் இருந்தால், மேலே இருக்கும் அணியே முதலில் கொத்திக்கொண்டு போய்விடும். இன்னொன்று, அங்கே பிட்சர் பல நாள் ஜெயிப்பதற்காகவே எறிவதில்லை. "உன் சேஞ்ச்-அப் (வேகப்பந்து போலத் தோன்றி மெதுவாக வரும் பந்து) இன்னும் சரியாகவில்லை, இன்றைக்கு அதையே எறிந்து பழகு" என்று அவருக்கு வேறு வேலை கொடுத்து அனுப்பியிருப்பார்கள். பேட்டருக்கு எதிரே நிற்பவரும் ஒரு மாணவர்தான். உயரமாக வரும் வேகப்பந்தை இந்தப் பையனால் விட முடியவில்லை என்று தெரிந்தாலும், அவர் கீழே சேஞ்ச்-அப்தான் எறிவார். அதுதான் அன்றைய வீட்டுப்பாடம்.

மேலே அந்தத் தாட்சண்யம் கிடையாது. முதல் வாரத்திலேயே வீடியோ பார்த்து ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் அடைக்கும்வரை அதே ஓட்டையில்தான் பந்து வரும். ஆகவே டிரிபிள்-ஏயில் நன்றாக அடிக்கத் தொடங்கிவிட்ட ஒருவரை இன்னும் ஒரு வருஷம் அங்கேயே வைத்திருந்தால், ஏற்கெனவே தெரிந்த பாடத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதுவார்.

அதற்காக, 0.330 சராசரி, அதாவது நூறு அட்-பேட்டுக்கு 33 ஹிட், அடித்தவனையெல்லாம் விமானத்தில் ஏற்று என்று நான் சொல்லவில்லை. டிரிபிள்-ஏ ஊர்களில் ஒன்றான ஆல்புகெர்க்கியின் மைதானம் கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. மெல்லிய காற்றில் சாதாரணமாகத் தூக்கிய பந்தும் வேலியைத் தாண்டிவிடும். அங்கே எடுத்த சராசரியை மட்டும் நம்பி ஆளை எடுத்தால் ஏமாந்துதான் போவோம். நாங்கள் பார்க்கச் சொல்வது வேறு. ஸ்ட்ரைக் ஸோனுக்கு (பேட்டர் அடிக்க வேண்டிய பந்தின் எல்லைக்கு) வெளியே போகும் பந்தைத் துரத்துகிறானா, விடுகிறானா? ஸ்ட்ரைக் அவுட்டுக்குப் பக்கத்தில் வாக் (நான்கு தவறான பந்தை விட்டு, அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) எத்தனை? நல்ல வேகப்பந்தை நேராகச் சந்திக்கிறானா? இவை தேறிவிட்டால் பிறந்த தேதியைப் பார்க்காதீர்கள்.

வாஷிங்டன் நேஷனல்ஸ் 2018இல் பார்க்கவில்லை. ஹுவான் சோட்டோ அந்த ஆண்டைக் கீழ்நிலை ஏ லீக்கில் ஹேகர்ஸ்டவுனில் தொடங்கினார். டிரிபிள்-ஏக்கு ஒரு படி கீழான டபுள்-ஏயில், ஹாரிஸ்பர்க்கில், வெறும் எட்டு ஆட்டம். டிரிபிள்-ஏ பக்கமே போகவில்லை. அணியில் அடிபட்டவர்கள் பெருகியதால் மே 20 அன்று 19 வயதில் மேலே வந்தார். மறுநாள், தொடக்கத்திலிருந்து ஆடிய முதல் ஆட்டத்தில், வந்த முதல் பந்தையே ஹோம் ரன் அடித்தார். சீசன் முடிவில் 22 ஹோம் ரன். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, 100 தடவை மட்டை பிடித்தால் 40 தடவைக்கு மேல் பேஸுக்குப் போனார் என்பது. எந்தப் பந்தை விட வேண்டும் என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. எதிரணியின் அட்டவணைப்படி அவர் அந்தக் கோடை முழுக்க ஹாரிஸ்பர்க்கில் பேருந்து ஏறிக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் தோல்வியே இல்லையா? இருக்கிறது. சியாட்டில் அணி 2021இல் ஜாரெட் கெலனிக் என்ற இளைஞரை அழைத்தது. 39 அட்-பேட் தொடர்ந்து ஒரு ஹிட்கூட இல்லை. பிறகும் அவர் முழுதாக நிமிரவில்லை. மறைக்க மாட்டேன். ஆனால் அதனால் வாசல் மூடிவிடவில்லை. மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் உள்ள வீரரை மூன்று சீசன்கள் கீழே அனுப்பித் திரும்ப அழைக்க அணிக்கு உரிமை உண்டு. வீரர் சங்கத்துடன் போட்ட 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே சீசனில் ஐந்து முறை கீழே அனுப்பலாம். ரிட்டர்ன் டிக்கெட் கையில் இருக்கும்போது ஊருக்குப் போகப் பயப்படுவானேன்?

இப்போது, நடுவர் அவர்களே, எதிரணி வாயே திறக்காத விஷயத்துக்கு வருகிறேன். இந்த "பக்குவம்" பல சமயம் காலண்டரைப் பார்த்து வருகிறது. மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு வருஷ சர்வீஸ். ஆறு வருஷம் சேர்ந்தால் வீரர் தன் விருப்பம்போல் எந்த அணிக்கும் போகலாம். 2014இல் மைனர் லீக்குகளில் 43 ஹோம் ரன் அடித்தவர் கிரிஸ் பிரையன்ட். 2015 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் மேலும் ஒன்பது. சிகாகோ கப்ஸ் அவரைக் கீழே அனுப்பியது. ஃபீல்டிங் தேற வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 17 அன்று, சீசன் தொடங்கிப் பன்னிரண்டே நாளில், ஃபீல்டிங் தேறிவிட்டது! அந்த ஆண்டு அவர் கணக்கில் சேர்ந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. கப்ஸுக்கு அவர்மேல் இன்னும் ஒரு வருஷ உரிமை. பிரையன்ட் முறையிட்டார், 2020இல் தோற்றார். விதிப்படி சரிதான் என்று தீர்ப்பு. மறுக்கவில்லை. ஆனால் இதைப் பக்குவம் என்று சொல்லாதீர்கள், கணக்கு என்று சொல்லுங்கள். இதைக் கட்டுப்படுத்தத்தான் 2022 ஒப்பந்தத்தில், புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்தில் வருபவர்களுக்கு முழு வருஷ சர்வீஸ் என்று எழுதிவைத்தார்கள்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. 2012இல் மைக் டிரவுட், ஏஞ்சல்ஸ் அணியின் டிரிபிள்-ஏ ஊரான சால்ட் லேக்கில் 0.403 அடித்துக்கொண்டிருந்தார். வசந்தகாலத்தில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது உண்மை, அதை அணியின் மேல் போட மாட்டேன். ஏஞ்சல்ஸ் அவரை ஏப்ரல் 28 அன்று அழைத்தபோது, அணி 6 வெற்றி, 14 தோல்வி. சீசன் முடிவில் 89 வெற்றி. சீசனுக்குப் பிந்தைய கோப்பைப் போட்டியான பிளே-ஆஃப்புக்குக் கடைசியாக நுழைந்தவர்களுக்கு 93 வெற்றி. அந்த முதல் இருபது ஆட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். இரண்டே நிமிடம், நடுவர் அவர்களே.

1951 மே மாதம். வில்லி மேஸ், 20 வயது, நியூயார்க் ஜயண்ட்ஸின் மைனர் லீக் அணியான மினியாபோலிஸ் மில்லர்ஸுக்கு 35 ஆட்டத்தில் 0.477. அயோவாவில் சூ சிட்டி என்ற ஊரில் சினிமா பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டு, வில்லி மேஸ் இங்கே இருந்தால் ஓட்டலில் மேனேஜரைப் பார்க்கவும் என்று அறிவிக்கிறார்கள். நியூயார்க் ஜயண்ட்ஸ் கூப்பிடுகிறது. மேஸ் போகத் தயங்கினார். மேஜர் லீக் பந்தை என்னால் அடிக்க முடியாது என்றார். அதாவது, அன்றைக்கு அவரே எதிரணிதான்! ஜயண்ட்ஸ் மேனேஜர் லியோ டுரோச்சர் போனில், இப்போது என்ன அடிக்கிறாய் என்று கேட்டார். 0.477 என்றார் பையன். எனக்கு 0.250 அடித்தால் போதுமே என்றார் டுரோச்சர்.

போனார். முதல் 12 அட்-பேட்டில் ஒன்றுமில்லை. பிறகு பிட்சர் வாரன் ஸ்பானின் பந்தில் ஒரு ஹோம் ரன். மறுபடி வறட்சி. மொத்தம் 26க்கு 1. பையன் அழுதான். நான் மேனேஜராக இருக்கும்வரை சென்டர் ஃபீல்டில் நீதான் என்றார் டுரோச்சர். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக விருது மேஸுக்கு. ஜயண்ட்ஸும் டாட்ஜர்ஸும் லீக்கின் முதலிடத்தில் சரிசமமாக முடித்து, மூன்று ஆட்டத் தொடர் வைத்து, ஜயண்ட்ஸ் வென்றது. மேஸை இன்னும் ஒரு மாதம் பழுக்கவிட்டு, ஒரே ஒரு வெற்றி குறைந்திருந்தால் அந்தத் தொடரே நடந்திருக்காது.

மேஸைக் கூட்டிக்கொண்டு போனதற்காக ஜயண்ட்ஸ் முதலாளி ஹொரேஸ் ஸ்டோன்ஹாம் மினியாபோலிஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து அந்த ஊர் ரசிகர்களுக்குச் சமாதானம் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் பையன் கீழேயே இருக்கட்டும் என்று கேட்க நியாயம் உள்ளவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். எதிரணியில் மினியாபோலிஸ்காரர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், அவருக்கு மட்டும் தனியாகப் பதில் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.