செலவில்லாத் தோட்டா என்று ஒன்று இல்லை: சிக்கனமாக ரீலோடிங் தொடங்குவது எப்படி

[காட்சி: மேசைமேல் சுட்டு முடித்த ஆறு பித்தளைக் கூடுகள், அருகில் முழுத் தோட்டா ஒன்று]

வணக்கம். ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்திய, அடிபட்டதும் தீப்பொறி எழுப்பும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டு முடித்தபின் மூன்று தீர்ந்துவிடுகின்றன. கூடு மட்டும் சற்றே உப்பி, புகைக்கறை படிந்து, கையில் மிஞ்சுகிறது. பெரும்பாலும் நான்கிலும் விலை கூடியது அதுதான். அந்தக் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாக இட்டு மறுபடி தோட்டாவாக்குவதையே அமெரிக்கத் துப்பாக்கிக் களங்களில் ரீலோடிங் என்கிறார்கள்.

முதலில் சட்டம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள உரிமம் தேவையில்லை; விற்பதற்காக உற்பத்தி செய்தால் தேவை. மாநில விதிகளைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே அங்கிருந்து பார்ப்பவர்களுக்கு இது அமெரிக்கப் பொழுதுபோக்கு ஒன்றைப் பற்றிய விளக்கம் மட்டுமே.

[காட்சி: .38 ஸ்பெஷல் கூடு ஒன்றின் அண்மைக் காட்சி]

நமது எடுத்துக்காட்டு, ரிவால்வரில் சுடும் .38 ஸ்பெஷல். குறைந்த செலவில் பழக இது ஏற்றது என்பதற்குக் காரணங்கள் உண்டு. ரிவால்வர், சுட்ட கூட்டைப் புல்லில் வீசி எறிவதில்லை; நாமே உள்ளங்கையில் தட்டி எடுத்துக்கொள்ளலாம், ஒன்றுகூடத் தொலையாது. அமெரிக்கத் தொழில்தர அமைப்பான சாமி (SAAMI) இதற்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அது 35,000. அழுத்தம் குறைவாக இருப்பதால் பித்தளை மெதுவாகவே தளர்கிறது, ஒரே கூட்டைப் பலமுறை நிரப்ப முடிகிறது. மேலும் இது கழுத்துக் குறுகாத நேர்க்கூடு. கழுத்து குறுகிய ரைஃபிள் கூட்டுக்கு எண்ணெய்ப் பசை தடவாமல், கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சில் ஏற்றினால் அது உள்ளேயே இறுகி நின்றுவிடும். நேர்க்கூட்டுக்கோ கார்பைடு வளையம் பொருத்திய அச்சை வாங்கினால் பசையே வேண்டாம். அந்தச் சிறு கூடுதல் விலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

அடுத்து கருவி. 1958-இல் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லீ, சுத்தியலால் தட்டியே தோட்டா நிரப்பும் சிறு கருவிப்பெட்டி ஒன்றை ஷாட்கன்னுக்காக உருவாக்கினார்; கைத்துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும் உரியவை பின்னர் வந்தன. இன்றும் மிக மலிவான நுழைவாயில் அதுவே. ஆனால் அதில் பிரைமரையும் தட்டித்தான் இறக்க வேண்டும்; எப்போதாவது ஒன்று படீரென்று வெடித்து ஆளைத் தூக்கிவாரிப் போடும். கண்ணாடி அணியாமல் அதன் முன் உட்காரவே கூடாது. என் கருத்தில், இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, ஒரு நேரத்தில் ஒரே அச்சைத் தாங்கும் சாதாரண நெம்புகோல் பிரஸ்ஸை வாங்குவது மேல். பழைய வார்ப்பிரும்புப் பிரஸ் கிடைத்தாலும் கவலையில்லை. அதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை.

ஒரு முறை நெம்பினால் நான்கைந்து வேலைகள் ஒருசேர நடக்கும் புரோகிரஸிவ் பிரஸ் வேகமானதுதான். ஆனால் புதியவரின் கண் அந்த நான்கைந்தையும் ஒருசேரக் காணாது. மெதுவான பிரஸ்ஸில் ஐம்பது கூடுகளுக்கும் முதல் வேலையை முடித்த பிறகுதான் இரண்டாவது தொடங்கும். ஒவ்வொரு கூடும் பலமுறை கைக்கு வருகிறது, பிளவும் கீறலும் தாமாகவே கண்ணில் படுகின்றன. இந்த வேலையில் மலிவான கருவியே புதியவருக்குப் பாதுகாப்பான கருவியாகவும் அமைந்திருப்பது நல்வாய்ப்பு.

[காட்சி: கைத்தராசு, தட்டில் சில மருந்துத் துகள்கள்]

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் தராசு. மருந்தைக் கிரெயின் என்னும் அளவால் நிறுக்கிறார்கள். 7,000 கிரெயின் சேர்ந்தது ஒரு பவுண்டு, ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த குன்றிமணியில் பாதியளவுதான் இருக்கும். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்தாக வேண்டும். மின்கலம் தேவைப்படாத துலாக்கோல் வகை போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சோதனை எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எவ்வளவு என்பதை இந்த வீடியோவில் சொல்லப்போவதில்லை. அதை மருந்து தயாரிப்பாளரின் நடப்புக் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். நண்பர் சொன்னார், எங்கோ எழுதியிருந்தார்கள் என்பதெல்லாம் ஆகாது. கையேட்டில் தரப்பட்ட தொடக்க அளவில் ஆரம்பிப்பதே முறை.

.38 ஸ்பெஷலுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இது 1890-களின் இறுதியில், கருமருந்துக் காலத்து அளவில் வந்த கூடு. கருமருந்துக்கு இடம் அதிகம் வேண்டும். இன்றைய புகையில்லா மருந்துக்கோ கூட்டின் அடியில் சிறு பகுதியே போதும். எனவே கவனம் சிதறி ஒரே கூட்டில் இருமுறை மருந்து இட்டுவிட்டாலும் அது வழியாது. மேலே குண்டைப் பொருத்திவிட்டால் வெளியிலிருந்து எந்த வேறுபாடும் தெரியாது, சுடும்போது ரிவால்வர் பிளக்கலாம். மருந்தே இடாமல் விட்டாலோ பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலின் பாதிவரை தள்ளி நிறுத்தும். அதையறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். ஆகவே அனுபவசாலிகள், இரட்டிப்பாக இட்டால் கூட்டை விட்டு வழிந்துவிடும் பருமனான மருந்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

[காட்சி: மரக்கட்டையில் ஐம்பது குழிகள், மேலிருந்து கைவிளக்கு ஒளி]

இதோ பாருங்கள். மருந்திட்ட ஐம்பது கூடுகளும் மரக்கட்டையில் வரிசையாக நிற்கின்றன. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிகிறது. மூன்றாம் வரிசையில் ஒன்று மட்டும் உயர்ந்து நிற்கிறது. அதைக் கவிழ்த்துவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். இந்தக் கட்டையைப் பலகைத் துண்டில் துளையிட்டு நாமே செய்துகொள்ளலாம், காசு செலவில்லை.

பொறுக்கிச் சேர்த்த கூடுகளைப் பயன்படுத்துமுன் உட்புறம் நோக்க வேண்டும். அடியில் நடுவே ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, பழைய பிரைமரை அச்சின் ஊசியே தள்ளிவிடும். இரு சிறு துளைகள் இருந்தால் பெர்டன் வகை. ஊசி உடைந்துபோகும், ஒதுக்கிவிடுங்கள். பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா பாக்ஸரையும் ஐரோப்பாவின் பெரும்பகுதி பெர்டனையும் ஏற்றுக்கொண்டது ஒரு வேடிக்கை.

செலவுக் கணக்குக்கு வருவோம். கணக்குக்காக மட்டும் ஒரு தோட்டாவுக்கு 4 கிரெயின் என்று கொண்டால், ஒரு பவுண்டு மருந்து 1,750 தோட்டாக்களுக்கு வரும். 50 கிரெயின் கேட்கும் ரைஃபிளுக்கு அதே பவுண்டு 140-உடன் தீர்ந்துவிடும். கைத்துப்பாக்கியில் மருந்து பெரும் செலவன்று. குண்டும் பிரைமருமே பணத்தைத் தின்கின்றன. மருந்தையும் பிரைமரையும் கூரியரில் வரவழைத்தால் அபாயப் பொருள் கட்டணம் தனியாக விழும்; அதனால் நண்பர்கள் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுவது வழக்கம். 2020, 2021-இல் பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது கருவி வைத்திருந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க நேர்ந்தது. மாதம் ஒரு பெட்டி சுடுபவருக்குக் கருவியின் விலை திரும்பவே பல காலமாகும். வாரந்தோறும் சுடுபவருக்கு விரைவில் திரும்பும், ஆனால் மிச்சமான பணத்தில் அவர் இன்னும் அதிகமாகச் சுடுவார்.

சுட்ட கூட்டின் கறையில் ஈயம் இருக்கிறது. மேசையருகே உண்ணவோ குடிக்கவோ கூடாது. முடித்தவுடன் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். மருந்து எப்போதும் அதன் மூலக் குப்பியிலேயே இருக்கட்டும். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே குப்பி.

[காட்சி: பத்துத் தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி, மூடியில் ஒட்டிய சீட்டு]

முதல் நாள் பத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். நாள், குண்டின் எடை, மருந்தின் பெயரும் அளவும், பிரைமர், எத்தனையாவது முறை நிரப்பிய கூடு என்பதைச் சீட்டில் எழுதி மூடியில் ஒட்டுங்கள். களத்தில் அந்தப் பத்தையும் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சுட்டு, ஒவ்வொரு முறையும் தாளில் துளை விழுந்ததா என்று பார்த்த பிறகே அடுத்ததைச் சுடுங்கள்.