ஓடச் சொன்னது கதைதான்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'மனிதனை அதிகம் வழிநடத்துவது தகவலா, கதையா?' என்ற தலைப்பில், கதையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

"கதை பொழுதுபோக்கு, உயிரைக் காப்பது தகவல்" என்றார் எதிரணித் தலைவர். சரி, உயிர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்.

சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்றொரு தீவு. 1907-ல் அங்கே நிலம் நடுங்கி, பின்னாலேயே கடல் பொங்கி வந்து ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது. அந்த அலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்மோங்'. பிழைத்தவர்கள் அதைக் கதையாகச் சொன்னார்கள், தாலாட்டாகவும் பாடினார்கள். பலமாக நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓடு. கதையின் சாரம் இவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26. நிலநடுக்கம் தொடங்கிய இடம் அந்தத் தீவுக்கு வெகு அருகில். முதல் அலை வர ஏறக்குறைய பத்து நிமிடம்தான். அபாயச் சங்கு ஒலிக்கவில்லை, அதிகாரி யாரும் வந்து எச்சரிக்கவில்லை. "ஸ்மோங்! ஸ்மோங்!" என்று கத்திக்கொண்டே ஜனங்கள் குன்றுகளுக்கு ஓடினார்கள். 97 வருஷத்துக்கு முந்தைய அலை அது, நடுவர் அவர்களே! ஓடியவர்களில் அநேகமாக யாருமே அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. பாட்டி சொன்னதை நம்பி ஓடினார்கள். ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர்.

அன்றைக்குத் தகவல் இல்லாமலா போனது? ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் 15 நிமிடத்திலேயே நிலநடுக்க அறிக்கையை வெளியிட்டுவிட்டது. நம் கரைக்கு அலை வந்து சேர ஏறக்குறைய 2 மணி நேரம் ஆனது. அப்படியிருந்தும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்தோம். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. நம் மீனவருக்குக் கடலைப் பற்றித் தெரியாததா? ஆனால் இப்படியொரு அலையைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிவைக்க ஒரு கதை இல்லை.

கதை வெறுப்பையும் வளர்க்கும் என்பார்கள். வளர்க்கும்தான், மறுக்கவில்லை. எத்தனை ஆதாரம் காட்டினாலும் அந்தப் பொய்க் கதையை அசைக்க முடியவில்லையே, அது யாருடைய பலம்?

2007-லிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. மிக நல்ல காரியம். ஆனால் சங்கு ஊதியதும் வேடிக்கை பார்க்காமல் கால்கள் ஓட வேண்டுமே! 2004-க்குப் பிறகு பிறந்த நாகை பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். அன்று கடல் என்ன செய்தது என்று அவர்களுக்கு வீட்டில் உட்கார்த்திவைத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்? அதைச் சொல்ல ஒரு கதை வேண்டும் என்பதையும் மனதில் வைத்துத் தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.