பர்ச் விறகு: இந்த வெள்ளைப் பட்டையை நம்பி நான் இழந்தது

வணக்கம் உறவுகளே. பின்னால் கேட்கும் சத்தம் மழைதான். நோர்வேயின் பேர்கன் நகரில் இன்றைக்கு அது விடுவதாக இல்லை, அதனால் விறகுக் கொட்டிலுக்குள் நின்றே பேசுகிறேன்.

இதுதான் பர்ச், வெள்ளைப் பட்டை உள்ள மரம். நோர்வேயில் வீட்டு அடுப்புக்கு விறகு என்றால் முதலில் கேட்பது இதைத்தான். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் துண்டு ஒன்றையும் இதையும் இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள், காரணம் தெரியும். நன்றாகக் காய்ந்த விறகு எந்த மரமானாலும் கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஒரே சூட்டைத்தான் தரும். ஆனால் இங்கே விறகை நிறுத்து விற்பதில்லை. 40 லீட்டர், 60 லீட்டர் சாக்கில்தான் விற்கிறார்கள். அப்போது கனமான மரம்தானே லாபம்? ஒரே சாக்கில் ஸ்ப்ரூஸை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சூடு.

சரி, இந்தப் பட்டையைப் பாருங்கள். கடதாசி மாதிரி உரிந்து வருகிறது. எண்ணெய்ப் பிடிப்பு இருப்பதால் நனைந்திருந்தாலும் ஒரே நெருப்புக்குச்சியில் பற்றிக்கொள்ளும். ஊரில் அம்மா அடுப்பு மூட்டப் பன்னாடை சேர்த்து வைப்பார். நான் இங்கே இதைச் சேர்க்கிறேன். நிற்கும் மரத்தில் மட்டும் உரிக்காதீர்கள், அது மரத்துக்குக் காயம்.

ஆனால் வெளித் தண்ணீரை உள்ளே விடாத பட்டை, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேயும் விடாது. பச்சை பர்ச்சின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான். முதல் வருடம் எனக்கு இது தெரியாது. உருளை உருளையாக வெட்டி, பிளக்காமல் அடுக்கி, மழைக்குப் பயந்து படங்கால் நிலம் வரை மூடிக் கட்டினேன். அடுத்த வருடம் திறந்தால் பட்டை புதிதாகப் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே மரம் பஞ்சாகி, காளான் மணம். பக்கத்து வீட்டு ஐயா வந்து ஒரு துண்டைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "பிளக்கவில்லையா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவு விறகும் போனது. இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது, ஒரு குளிர்காலத்துச் சூடு அது.

இப்போது குளிர்காலத்தில் தறித்த மரத்தை மே மாதத்துக்கு முன் கொத்தி முடித்துவிடுகிறேன். அடியில் பலகைச் சட்டம், மேலே கூரை, பக்கங்கள் திறப்பு. காற்று புகுந்து வெளியே போக வேண்டும், அதுதான் முக்கியம். அடுக்கும்போது பட்டை மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா என்பது இந்த நாட்டில் தீராத வாதம். 2013 பிப்ரவரியில் அரசுத் தொலைக்காட்சி 12 மணிநேரம் விறகைப் பற்றியே ஒளிபரப்பியது. அப்போது வந்த முறைப்பாடுகளில் பாதி பட்டை மேலே இருந்ததற்கு, பாதி கீழே இருந்ததற்கு. நான் மழைச் சாரல் படும் மேல் வரிசைக்கு மட்டும் பட்டையை மேலே வைக்கிறேன், மற்றதற்குக் கவலைப்படுவதில்லை.

"காய்ந்த விறகு" என்று சொல்லி விற்றதை நம்பி வாங்கியும் ஏமாந்திருக்கிறேன். அதனால் விறகின் ஈரத்தை அளக்கும் ஈரமானி ஒன்று வைத்திருங்கள். வெளிப்பக்கத்திலோ நுனியிலோ குத்தினால் குறைவாகத்தான் காட்டும். துண்டை அங்கேயே பிளந்து, புது முகத்தின் நடுவில் குத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இதோ, இது 17.

அப்புறம் மூட்டுவது. பெரிய துண்டுகள் கீழே, சிறாய்கள் மேலே, உச்சியில் பட்டை. நெருப்பை மேலிருந்துதான் வைக்க வேண்டும்; அப்போது கீழிருந்து எழும் புகை சுவாலைக்குள் புகுந்து அதுவும் எரிந்துவிடும். காற்றுத் துவாரம் முழுக்கத் திறந்திருக்கட்டும். இரவு முழுக்க எரியட்டும் என்று அதை அடைத்துப் புகைய விடாதீர்கள். பர்ச் பட்டை காற்றில்லாமல் எரிந்தால் கரும்புகைதான், அது புகைபோக்கியில் படிந்து ஒரு நாள் அங்கேயே தீப்பிடிக்கும்.

சரி, இந்த 17-ஐ உள்ளே கொண்டுபோய் மூட்டுகிறேன். கமராவை அடுப்புக் கண்ணாடிக்கு முன்னால் வைக்கிறேன், பட்டை பற்றும் சத்தத்தைக் கேளுங்கள்.