ஊர் கூடித் தேர் இழு

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலிருந்து வந்திருக்கும் வழக்கறிஞர் பெருமக்களே, அரசு இராசாசி மருத்துவமனையில் ஓ.பி. முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் மனநல மருத்துவர்களே, மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வந்த தாய்மார்களே, வணக்கம்.

ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். மாசி வீதிக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்ட மனநோயாளிக்கு ஊரிலேயே சிகிச்சை என்பதும் அப்படி ஒரு தேர்தான். இரண்டு தீர்ப்புகளை மனதில் வையுங்கள்: குற்றம் செய்யாத மனநோயாளியைச் சிறையில் வைக்கக் கூடாது என்ற 1993-இன் ஷீலா பார்சே வழக்கு, குணமானவர்கள் மருத்துவமனையிலேயே கிடப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. இனி அசாமில் நடந்ததைக் கேளுங்கள்.

1951-இல் ஓர் இளைஞர் அடிதடி வழக்கில் கைதானார். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-இல் 'நன்றாக இருக்கிறார்' என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தது. வீட்டுக்கா போனார்? சிறைக்குப் போனார்! வழக்கை விசாரிக்க ஆளில்லை, தேடி வர ஆளில்லை. 2005-இல் வெளியே வந்தபோது 54 வருடம் ஓடியிருந்தது. கடைசியில் கோர்ட் கேட்ட பிணைத் தொகை எவ்வளவு தெரியுமா, தாய்மார்களே? ஒரு ரூபாய்! அந்த ஒரு ரூபாய்ப் பிணையைக் கேட்க 54 வருடம் ஒருவரும் வரவில்லை.

இன்று சட்டம் இருக்கிறது. குற்ற வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 369-ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 330. மனநிலை காரணமாகத் தன் வழக்கைத் தானே நடத்த முடியாதவரை, ஜாமீன் கிடைக்காத குற்றமாக இருந்தாலும், கோர்ட் ஜாமீனில் விட வேண்டும். இரண்டு நிபந்தனை. உள்நோயாளியாக வைத்துப் பார்க்கும் அவசியம் இருக்கக் கூடாது. பக்கத்து மருத்துவமனையில் தவறாமல் வைத்தியம் பார்ப்பேன், அவர் தன்னையோ பிறரையோ காயப்படுத்தாமல் பார்த்துக்கொள்வேன் என்று உறவினரோ நண்பரோ உறுதி தர வேண்டும். நண்பர் போதும்! ரத்த உறவுதான் வேண்டும் என்று பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

ஜாமீன் மனு சறுக்குவது டாக்டர் தரும் சான்றிதழில். 'நோய் கட்டுக்குள் உள்ளது' என்று மட்டும் எழுதினால் போதாது. 'உள்நோயாளிச் சிகிச்சை தேவையில்லை' என்ற வரி வேண்டும். டாக்டர்கள் அருள்கூர்ந்து அதை எழுதுங்கள். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை ஓ.பி., யார் கூட்டிப் போவார் என்பதையும் மனுவிலேயே வையுங்கள். வழக்கு முடிந்து, மனநிலை காரணமாக விடுதலையானவருக்கு 374-ஆவது பிரிவு. அது தனி மனு.

வெளியே வந்தபின் சறுக்குவது மாத்திரையில். தூக்கம் வந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று நிறுத்துவார்கள்; சில வாரத்தில் பழைய சந்தேகமும் குரலும் திரும்பும். மாத்திரை மறப்பவருக்கு ஃபுளுஃபெனசின் போன்ற நீண்டநாள் ஊசி உண்டு, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒன்று. அது தாலுகா மருத்துவமனையில் கிடைத்தால் கூலி வேலை கெடாது.

உறுதி தர ஒருவருமே இல்லாதவர்? இங்கேதான் என் கோரிக்கை. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ வீடில்லை என்பதற்காகவோ ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே தங்க இடைநிலை இல்லங்கள் அமைப்பது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஏர்வாடி நமக்குத் தூரமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்து செத்தவர்களை நாம் மறக்கவில்லை. தென்மாவட்டம் ஒவ்வொன்றிலும் பூட்டில்லாத, சங்கிலியில்லாத, மருந்து கொடுக்க ஆளிருக்கிற அரசு இல்லம் ஒன்று வேண்டும். ஊர் கூடித் தேர் இழு என்றேனே, வடம் அதுதான்!

நேரமாகிவிட்டது என்று தலைவர் ஐயா பார்க்கிறார். ஜாமீன் மனுவின் மாதிரியும் இல்லங்கள் கேட்டு அரசுக்குப் போகும் விண்ணப்பமும் வாசல் மேசையில் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.