கரிமூட்டத்துக்குப் போகிற சீமைக்கருவேலத்தில் கிண்ணம் கடையலாம், வாங்க

வணக்கம் மக்களே, தேவிபட்டினத்திலிருந்து பேசுகிறேன். லேத்தில், அதாவது மரத்தைச் சுழற்றிக் கடைகிற இயந்திரத்தில் நிற்கிறதே, இது எட்டு அங்குலக் கிண்ணம். கருஞ்சிவப்பாகத் தெரிவது சீமைக்கருவேலம், நடுவில் மஞ்சள் பட்டை மஞ்சக்கடம்பு, வாய்விளிம்பு பூவரசு. நம் ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டினால் நேராகக் கரிமூட்டத்துக்குத்தான் போகிறது. எனக்கு அது தாங்கவே இல்லை. வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து எடுத்து நன்றாகக் காயவைத்தால், ஈரம் ஏறி இறங்கும்போது இவ்வளவு குறைவாக அசைகிற மரம் லேசில் கிடைக்காது. சித்திரை வெயிலில் சுருங்கிய பலகை ஐப்பசி மழையில் உப்புகிற கடலோரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சரி, ஒரே கட்டையில் குடையாமல், ஏன் துண்டுகளை வளையமாக ஒட்டி, வளையங்களை அடுக்கிக் கடைகிறோம்? மரம் நார் ஓடும் பக்கம் நீளாது, நாருக்குக் குறுக்கேதான் விரியும். ஒரு வளையத்துக்கு 12 துண்டு, அந்த 12 துண்டிலும் நார் வளையத்தைச் சுற்றி ஓடுகிற மாதிரி வைத்தால் கிண்ணம் வட்டமாகவே நிற்கும். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையிலும் 15 டிகிரி வெட்டு. வெளி விட்டத்தை 0.268ஆல் பெருக்கினால் துண்டின் நீளப்பக்க அளவு வந்துவிடும், எட்டு அங்குலத்துக்கு 2.14, கடைவதற்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் 24 வெட்டு, வெட்டுக்கு அரை டிகிரி பிசகினால் கடைசி மூட்டில் 12 டிகிரி இடைவெளி வாயைப் பிளந்து நிற்கும். அதனால் முழு வளையத்தையும் ஒரே மூச்சில் ஒட்ட வேண்டாம். இங்கே பாருங்கள், ஆறு ஆறாக இரண்டு அரை வளையம், அவை சேரும் இரண்டு இடத்திலும் பசை போடாமல் சின்னக் குச்சி வைத்து இறுக்கியிருக்கிறேன். காய்ந்ததும் அரை வளையத்தின் இரண்டு முனையையும் சமதளத்தில் ஒட்டிய உப்புத்தாளில் சேர்த்துத் தேய்த்தால் பிசகு முழுக்க அங்கேயே தீர்ந்துவிடும், அப்புறம் இரண்டையும் ஒட்டலாம். வளையத்தின் மேல் வளையம் அடுக்கும்போது செங்கல் கட்டுகிற மாதிரி அரைத் துண்டு தள்ளி வையுங்கள்.

அடிப்பலகைதான் ஆபத்தான இடம். அது ஒரே வட்டப் பலகை, குறுக்கே விரிந்தே தீரும். சுற்றிலும் பசை போட்டு வளையத்துக்குள் இறுக்கிவிட்டால் மழைக்காலத்தில் மூட்டைத் தெறிக்க வைத்துவிடும். வளையத்தின் உள்பக்கம் காடி (பள்ளக் கோடு) எடுத்து, பசையே இல்லாமல், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார வையுங்கள்.

கடைசல் முடிந்ததும் அவசரப்பட்டுத் தேய்க்காதீர்கள். கருமரத்தின் தூசி மஞ்சக்கடம்பின் கண்களில், அதாவது நுண்துளைகளில் இறங்கினால் அந்தப் பளிச்சென்ற மஞ்சள் அழுக்கேறிவிடும். முதலில் மெல்லிசாக ஒரு கை பிரெஞ்ச் பாலிஷ் (அரக்கைக் கரைத்த பூச்சு), அது காய்ந்த பிறகு 120, 180, 240, 320 நம்பர் உப்புத்தாள் என்று போகலாம், ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் தூசியைக் காற்றடித்து ஊதுங்கள், ஈரத்துணி கூடவே கூடாது. மாஸ்க் கட்டாயம். 320க்கு அப்புறம் ஆளிவிதை எண்ணெய், துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள். பட்டறை முழுக்கச் சுருள் சீவல் கிடக்கிற இடம், ஜாக்கிரதை.